மலைச் சகோதரர், சமவெளிச் சகோதரர்

வந்தவர்கள் மூன்று கேட்டார்கள்: டாக்டர், மருந்து, பணம்.

1993 டிசம்பர் 24. இரவு ஏழு மணியைத் தாண்டியிருந்தது. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸுக்குத் தெற்கே, அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்றொரு சிற்றூர். அங்கிருந்த கத்தோலிக்கத் துறவற மடத்தில் கிறிஸ்துமஸ் திருப்பலிக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அப்போது ஆறு பேர் ஆயுதங்களோடு உள்ளே புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சயா அத்தியா. பத்து நாட்களுக்கு முன்புதான், சில கிலோமீட்டர் தள்ளியிருந்த தமஸ்கிதாவில் குரோஷியக் கட்டுமானத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதைச் செய்தது அத்தியாவின் ஆட்கள் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த செய்தி.

மடத்தின் தலைவர் கிறிஸ்தியான் த ஷெர்ஷே எதிரே வந்து நின்றார். இது சமாதானத்தின் இடம், இங்கே யாரும் ஆயுதத்தோடு நுழைந்ததில்லை, பேச வேண்டுமானால் துப்பாக்கிகளை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். அது முடியாதென்றால் வெளியே போய்ப் பேசலாம் என்றார். வெளியே நின்றுதான் பேச்சு நடந்தது.

டாக்டரை மலைக்கு அனுப்ப முடியாது, அவர் வயதானவர், ஆஸ்துமாக்காரர். காயம்பட்டவர்கள் யாராக இருந்தாலும் இங்கே வந்தால் வைத்தியம் பார்ப்பார். பணம் இல்லை, நாங்கள் ஏழைகள். இதுதான் பதில். உங்களுக்கு வேறு வழியில்லை என்று அத்தியா சொன்னபோது, இருக்கிறது என்றார் கிறிஸ்தியான். இன்று இரவு நாங்கள் சமாதானத்தின் அரசருடைய பிறப்பைக் கொண்டாடப் போகிறோம் என்றும் சொன்னார். அத்தியா மன்னிப்புக் கேட்டார், தனக்கு அது தெரியாது என்று. திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு ஆறு பேரும் இருட்டில் போனார்கள்.

வந்தவர்களைக் கண்டதும் துறவிகளில் இளையவரான கிறிஸ்தோஃப் நிலவறைக்குள் ஒளிந்துகொண்டார். மேலே எல்லோரும் செத்திருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு திருப்பலி நடந்தது. ஒளிந்தவரும் ஒளியாதவரும் சேர்ந்தே பாடினார்கள். திபிரின் துறவிகளைப் பற்றிப் பேசும்போது இந்த நிலவறையை மறந்துவிடக் கூடாது. சாவுக்கு அஞ்சாத வீரர்களின் கதை அல்ல இது.

இந்த மடத்தில் இருந்தவர்கள் திராப்பிஸ்து சபைத் துறவிகள். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த ஒழுங்கை அப்படியே கடைப்பிடிக்கிறவர்கள். விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து, நாளுக்கு ஏழு முறை கூடிச் செபிப்பார்கள். நடுவே மௌனம், கைவேலை. கீழ்ப்படிதல் போன்ற வழக்கமான வார்த்தைப்பாடுகளோடு இவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: நிலைத்திருத்தல். சேர்ந்த இல்லத்திலேயே கடைசிவரை இருப்பேன் என்பது அதன் பொருள். ஊர் ஊராகப் போய் மறைபரப்புவது இவர்கள் வேலை அல்ல. ஓரிடத்தில் வேர்விட்டு நிற்பதுதான் வேலை. அல்ஜீரியா போன்ற முஸ்லிம் நாட்டில், 1938 முதல், மதம் மாற்றாமல் ஒரு கிறிஸ்தவ மடம் எதற்கு என்று கேட்டால், அவர்கள் காட்டியிருக்கக்கூடியவை தோட்டமும் மருந்தகமும் கோயில் மணியும்தான். திபிரின் என்ற பெர்பர் மொழிச் சொல்லுக்கே தோட்டங்கள் என்றுதான் பொருள். தோட்டத்தை ஊர்க்காரர்கள் சிலரோடு கூட்டாகப் பயிரிட்டார்கள். விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மருந்தகத்தை நடத்தியவர்தான் அத்தியா கேட்ட அந்த டாக்டர், சகோதரர் லூக் தோஷியே. 1914இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, பல பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவருக்குப் பதிலாகத் தானே முன்வந்து ஜெர்மானியக் கைதி முகாமுக்குப் போனவர். 1946இல் திபிரினுக்கு வந்தவர், இடையில் சில இடைவெளிகள் தவிர, அரை நூற்றாண்டு அங்கேயே இருந்தார். காசு வாங்காமல் வைத்தியம். சில நாட்களில் நூறு பேர்கூட வந்து நிற்பார்கள். 1959இல், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அல்ஜீரியப் போராளிகள் இவரையும் இன்னொரு துறவியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் ஏழைகளின் டாக்டர் என்று அடையாளம் தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். இவ்வளவு பட்டவருக்கு நகைச்சுவை வற்றவில்லை. தன் எண்பதாவது பிறந்தநாளில் ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். தன் அடக்கத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கேசட் அது. உள்ளே இருந்தது பக்திப் பாட்டு அல்ல, எடித் பியாஃப் பாடிய பிரபலமான பிரெஞ்சு மெல்லிசைப் பாட்டு.

தலைவர் கிறிஸ்தியான் வேறு மாதிரி ஆள். பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் மகன். படிப்பாளி, எதையும் ஆழ யோசிக்கிறவர். அவரை அல்ஜீரியாவோடு கட்டிப்போட்டது ஒரு மரணம். 1959இல் அவர் அங்கே இளம் ராணுவ அதிகாரி. முகமது என்ற உள்ளூர்க் காவலர் அவருக்கு நண்பர். பத்துப் பிள்ளைகளின் தந்தை, பக்தியான முஸ்லிம். ஒருநாள் போராளிகள் கிறிஸ்தியானைச் சூழ்ந்துகொண்டபோது, முகமது குறுக்கே நின்று அவரைக் காப்பாற்றினார். மறுநாள் தன் வீட்டுக் கிணற்றடியில் முகமது கொலையுண்டு கிடந்தார். தனக்காக ஒரு முஸ்லிம் உயிரைக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் கிறிஸ்தியானை விடவே இல்லை. குருவானபின் 1969இல் திராப்பிஸ்து சபையில் சேர்ந்தார், 1971இல் திபிரினுக்கு வந்தார். ரோமாபுரியில் அரபியும் இஸ்லாமும் படித்துத் திரும்பினார். 1984இல் மடத்தின் தலைவரானார்.

கிணறு அவர் வாழ்க்கையில் இன்னொரு தடவையும் வருகிறது. ஊர் இளைஞர் ஒருவர் அவரோடு ஆன்மிக விஷயங்கள் பேச வருவது வழக்கம். அந்தச் சந்திப்புகளுக்கு 'நம் கிணற்றைத் தோண்டுவது' என்று இருவரும் பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் கிறிஸ்தியான் விளையாட்டாகக் கேட்டார்: தோண்டிக்கொண்டே போனால் அடியில் என்ன கிடைக்கும், முஸ்லிம் தண்ணீரா, கிறிஸ்தவத் தண்ணீரா? இத்தனை நாள் சேர்ந்து தோண்டியும் இதையா கேட்கிறீர்கள், கிடைக்கப்போவது கடவுளின் தண்ணீர் என்று பதில் வந்தது.

1979இல் அவரும் இன்னொரு குருவும் சேர்ந்து 'ரிபாத் எஸ்-சலாம்' என்ற சிறு குழுவைத் தொடங்கினார்கள். சமாதானத்தின் பிணைப்பு என்று பொருள். அடுத்த ஆண்டே அருகிலிருந்த மெதியா நகரத்து சூஃபிகள் அதில் சேர்ந்தார்கள். சித்தாந்த விவாதம் வேண்டாம், கூடிச் செபிப்போம் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட வழி. கிறிஸ்தியானின் இந்த இஸ்லாம் ஈடுபாடு மடத்தில் எல்லோருக்கும் ஒத்துப்போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமையல்காரர், குழாய் வேலைக்காரர், தோட்டக்காரர், டாக்டர், அறிஞர் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆண்கள் ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்கில் வாழ்ந்தால் என்னென்ன உரசல்கள் வரும் என்பது கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

நாட்டின் நிலையோ மோசமாகிக்கொண்டே போனது. 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய முன்னணி பெரும் வெற்றி பெற்றது. 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது. பத்து ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. செத்தவர்கள் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள், பெண்கள், வன்முறைக்குத் துணைபோக மறுத்த இமாம்கள் எல்லாரும் அதில் அடக்கம். வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று அத்தியா சார்ந்திருந்த இஸ்லாமிய ஆயுதக் குழு கெடு விதித்தது. அந்தக் கெடு முடிந்த மாதத்தில்தான் அத்தியா மடத்துக்கு வந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் துறவிகள் கூடிப் பேசினார்கள். முதல் எண்ணம் பலருக்கும் போய்விடலாம் என்பதாகவே இருந்தது. அல்ஜியர்ஸ் பேராயர் ஆன்ரி தெய்சியே நேரில் வந்து, எல்லோரும் ஒரேயடியாகக் கிளம்பினால் ஊர்மக்கள் மனம் உடைந்துவிடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். ஊர்க்காரர் ஒருவர் இன்னும் நேராகச் சொன்னார்: உங்களுக்கு வெளியே போக ஒரு சின்னக் கதவாவது இருக்கிறது, எங்களுக்கு அதுவும் இல்லை. நாட்கள் போகப் போகப் பேச்சின் போக்கு மாறியது. டிசம்பர் 31 அன்று வாக்கெடுத்தார்கள். இருப்பது என்று முடிவானது. புதிதாக யாரையும் பயிற்சிக்குச் சேர்ப்பதில்லை. ஆயுதக் குழுவுக்குப் பணம் கொடுப்பதில்லை. கட்டாயத்தால் வெளியேற நேர்ந்தால் மொராக்கோவிலுள்ள கிளை இல்லத்தில் கூடுவது, முடிந்தபோது திரும்புவது. எல்லாம் நிதானமான, நடைமுறைக்கு ஏற்ற தீர்மானங்கள். ராணுவக் காவல் தருகிறோம் என்று அரசு சொன்னதை மறுத்துவிட்டார்கள். காவலுக்குத் துப்பாக்கி வந்துவிட்டால் மடம் ஒரு தரப்பின் முகாமாகிவிடும், வைத்தியத்துக்கு வருகிறவனும் வர மாட்டான். இரவில் கதவை நேரத்தோடு அடைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழில் 'சரணடைவது' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. தேடப்பட்டவன் காவல் நிலையத்தில் சரணடைகிறான், பக்தன் இறைவனடியில் சரணடைகிறான். முதலாவது வேறு வழியில்லாதவன் செய்வது. திபிரினில் நடந்தது அதுவல்ல. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் கோயிலில் சொல்லும் 'ஒப்புக்கொடுத்தல்' என்ற சொல் இதற்கு இன்னும் நெருக்கமானது. கடவுளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர்தான் அத்தியாவிடம் 'வழி இருக்கிறது' என்று சொல்ல முடிந்தது. உயிரை முன்பே வேறொருவரிடம் கொடுத்துவிட்டவனிடம் உயிரைக் காட்டிப் பேரம் பேச முடியாது. இவர்கள் யாருக்கும் பணியவில்லை, அரசுக்கும் சரி, மலையிலிருந்து வந்தவர்களுக்கும் சரி.

அவர்கள் புழங்கிய இரண்டு சொற்களில் இது தெளிவாகத் தெரியும். ஆயுதக் குழுவினரை 'மலைச் சகோதரர்கள்' என்றார்கள். ராணுவத்தாரை 'சமவெளிச் சகோதரர்கள்' என்றார்கள். தொலைபேசியில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் பிரச்சினை வராது என்ற வசதியும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சொல்லை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தால் அது மனத்தையும் பிசைந்து மாற்றிவிடும். அத்தியா போன்ற ஒருவரை 'அவன்' என்று எழுதுவதுதான் நம் பத்திரிகைத் தமிழின் வழக்கம். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று வருவதற்குக் காரணம் திபிரின் துறவிகள்.

அந்தக் கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிக் கிறிஸ்தியான் பிறகு பேசியிருக்கிறார். கடத்தப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1996 தவக்காலத்தில். அத்தியா போனபின் அவருக்காக எப்படிச் செபிப்பது என்பது இவருக்குப் பெரும் சிக்கலாக இருந்ததாம். ஆண்டவரே, அவரைக் கொன்றுவிடும் என்று கேட்க முடியாது. அவருடைய ஆயுதத்தைக் களைந்துவிடும் என்று வேண்டுமானால் கேட்கலாம். ஆனால், முதலில் என்னுடைய ஆயுதத்தைக் களையும், எங்கள் எல்லோருடைய ஆயுதத்தையும் களையும் என்று கேட்காமல், அடுத்தவரின் ஆயுதத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று அவருக்குத் தோன்றியது. அதுவே அவருடைய அன்றாடச் செபமானது.

துறவியிடம் என்ன ஆயுதம் இருக்கும்? திருப்பிப் பேசும் நாக்கு இருக்கும். நான்தான் சரி என்ற எண்ணம் இருக்கும். ஒரு கொலையைக் கேள்விப்பட்டதும் ஓர் இனத்தையே வெறுக்கத் தயாராகும் மனம் இருக்கும். கிறிஸ்தியான் மிகவும் பயந்தது இந்தக் கடைசி ஆயுதத்துக்குத்தான். 1993 டிசம்பர் 1 அன்று தொடங்கி 1994 ஜனவரி 1 அன்று முடித்து அவர் எழுதி வைத்த இறுதிக் கடிதத்தைப் படித்தால் இது விளங்கும். தான் கொல்லப்பட்டால், அந்தப் பழி அல்ஜீரிய மக்கள் மீதோ இஸ்லாம் மீதோ விழக்கூடாது என்பதே அதன் சாரம். மறைசாட்சி என்ற பெருமை தனக்கு வேண்டாம் என்கிறார், ஏனென்றால் தனக்கு அந்தப் பெருமை கிடைப்பதற்காக ஓர் அல்ஜீரியர் கொலைகாரராக வேண்டியிருக்கும். தன்னைக் கொல்லப்போகும் முகம் தெரியாத ஆளையும் கடைசி நேரத்து நண்பர் என்று அழைத்து நன்றி சொல்கிறார். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டித் தன் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் சாவைத் தேடிப் போன அசட்டுத் துணிச்சல் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. சபைத் தலைமையிலிருந்தே, நமக்கு மறைசாட்சிகள் தேவையில்லை, துறவிகள்தான் தேவை என்று ஒருவர் சொன்னபோது, இரண்டுக்கும் முரண்பாடு ஒன்றுமில்லை என்றாராம் கிறிஸ்தியான். இருந்தாலும் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. போயிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தங்கியது சாவதற்காக அல்ல, மறுநாள் காலை மருந்தகத்தைத் திறப்பதற்காக. 1994 மே 8 அன்று அல்ஜியர்ஸில் ஏழை மாணவர்களுக்கு நூலகம் நடத்திவந்த சகோதரர் ஆன்ரி வெர்ஜெஸும் ஓர் அருட்சகோதரியும் சுடப்பட்டார்கள். வெர்ஜெஸ் ரிபாத் குழுவில் இருந்தவர், இவர்களுக்கு நெருங்கிய நண்பர். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சாவுச் செய்தி வரும்போதும் திபிரினில் அதே கேள்வி எழுந்தது, அதே பதில் வந்தது. ஒப்புக்கொடுத்தல் அவர்களுக்கு ஒரே நாளில் முடிந்துபோன காரியமாக இருக்கவில்லை.

1996 மார்ச் 26, இரவு. பால் என்ற துறவி அன்று மாலைதான் பிரான்சில் குடும்பத்தாரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். மொராக்கோ கிளை இல்லத்திலிருந்து புரூனோ வந்திருந்தார். விருந்தினர் பகுதியில் ரிபாத் குழுவினர் கூட்டத்துக்காகத் தங்கியிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் ஏறக்குறைய 1.15 மணிக்கு சுமார் இருபது பேர் வந்தார்கள். ஏழு துறவிகள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏழு பேரைப் பிடித்ததும் போய்விட்டார்கள். வாயில் அறையில் இருந்த ஜான்-பியர் ஷூமாக்கர், வழக்கம்போல் மருந்து கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அமெதே என்பவர் தன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார், கைப்பிடியை வெளியிலிருந்து யாரோ அசைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இருவரும் தப்பினார்கள்.

கிறிஸ்தியான், லூக், கிறிஸ்தோஃப், மிஷேல், புரூனோ, செலஸ்தின், பால். மே 21 தேதியிட்ட ஓர் அறிக்கையில் ஏழு பேரையும் கொன்றுவிட்டதாக ஆயுதக் குழு அறிவித்தது. மே 30 அன்று மெதியா அருகே ஏழு தலைகள் கிடைத்தன. உடல்கள் கிடைக்கவே இல்லை. உண்மையில் கொன்றது யார் என்ற சந்தேகம் அதோடு தீரவில்லை. ராணுவ ஹெலிகாப்டரின் தவறான தாக்குதலில் இறந்திருக்கலாம் என்று ஒரு பிரெஞ்சுத் தளபதி 2009இல் நீதிபதியிடம் சாட்சியம் சொன்னார். மலைச் சகோதரரா, சமவெளிச் சகோதரரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. கிறிஸ்தியானின் கடிதமோ இரண்டில் எதுவானாலும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது.

2010இல் சாவியே பொவுவா இயக்கிய திரைப்படம் கான் விழாவில் இரண்டாம் உயரிய பரிசைப் பெற்று, இந்த மடத்தை உலகம் அறியச் செய்தது. பிரான்சில் மட்டும் முப்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். துறவிகளின் பாடலும் மௌனமும் நிறைந்த படத்துக்கு இத்தனை கூட்டம் வந்தது பலருக்கு வியப்பு. 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில், இந்த ஏழு பேருக்கும் அந்தப் போரில் கொல்லப்பட்ட மற்றப் பன்னிரண்டு பேருக்கும் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் நாட்டின் மண்ணிலேயே அந்தச் சடங்கு நடந்தது. பட்டம் பெற்றவர்களில் ஓரான் ஆயர் பியர் கிளவெரியும் ஒருவர். 1996 ஆகஸ்ட் 1 அன்று குண்டுவெடிப்பில் அவரோடு சேர்ந்து அவருடைய இளம் ஓட்டுநர் முகமது பூஷிகியும் இறந்தார். அவர் முஸ்லிம் என்பதால் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் இன்னொரு முகமதுவிலிருந்துதான் திபிரினின் கதை தொடங்கியது.

தப்பிய இருவரில் அமெதே 2008இல் காலமானார். ஜான்-பியர் மொராக்கோவில் மிதெல்த் என்ற ஊரிலுள்ள மடத்தில் அதே ஏழு வேளைச் செபத்தோடு வாழ்ந்தார். 2019இல் ரபாத் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கண்டு, குனிந்து அவர் கையை முத்தமிட்டார். 2021 நவம்பரில் இறந்தபோது ஜான்-பியருக்கு வயது 97.

திபிரின் மடம் பாழாகிவிடவில்லை. 2001 முதல் ஜான்-மரி லசௌஸ் என்ற குரு, வேளாண்மை படித்தவர், உள்ளூர்க்காரர்கள் இருவரோடு சேர்ந்து தோட்டத்தை நடத்தினார். பழமரங்களைப் பராமரித்து ஜாம் காய்ச்சி விற்றார்கள். 2016 முதல் வேறொரு கத்தோலிக்கக் குழு அங்கே தங்கியிருக்கிறது. ஏழு கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அல்ஜீரிய முஸ்லிம்கள். லூக்கின் மருந்தில் பிழைத்த பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும் வயது. லசௌஸ் அல்ஜியர்ஸிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு வந்துபோன ஆண்டுகளில், அரசின் உத்தரவுப்படி அவருக்கு முன்னும் பின்னும் ஆயுதம் தாங்கிய காவலர்கள் வந்தார்கள். வாசல்வரை வந்து, அவர் உள்ளே மரங்களைக் கவாத்து செய்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள்.